வாட்டர்லூவிலிருந்து வந்த தேசாதிபதி



தமிழாசிரியன் ஒருவன் ஒலிவாங்கியின் முன் வந்தமர்ந்தால் சங்கப் பாடலோ கம்பனோ பாரதியோ பேசுவான் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று பேசவிருப்பதோ ஓர் ஆங்கிலேயப் படைத்தலைவரைப் பற்றி. அவரோடு போர்க்களத்தில் எதிர்நின்ற ஒரு பிரெஞ்சுத் தளபதியும் இடையிடையே வந்து போவார். இவர்களுக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி உங்கள் மனதில் எழும். அதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவன் என் வகுப்பு மாணவன் ஒருவன்தான்.

எங்கள் இந்துக் கல்லூரியில் வரலாற்று ஆசிரியர் விடுமுறையில் இருந்த சில நாட்கள், அவருடைய பாடத்தையும் நான் எடுக்க வேண்டி வந்தது. நெப்போலியனின் வீழ்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. கூரைத் தகரத்தில் மழை விழும் ஓசைக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசவேண்டியிருந்தது. பின்வாங்கில் இருந்த பையன் ஒருவன் எழுந்து, "சேர், வாட்டர்லூவுக்கும் எங்க லயத்துக்கும் என்னா சம்பந்தம்?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சம்பந்தம் உண்டு. மிக நெருங்கிய சம்பந்தமே உண்டு.

1815ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ச் முதலாம் திகதி, எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சின் தென்கரையில் இறங்குகிறார். அதற்கு மறுநாள், மார்ச் 2இல், கண்டியிலே பிரதானிகளும் பிரித்தானியரும் உடன்படிக்கை செய்துகொள்ள, இலங்கையின் கடைசி இராசதானி முடிகிறது. நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் அரியணை இழந்து, பின்னர் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து மடிகிறான். அதே ஆண்டு ஜூன் 18இல் வாட்டர்லூ. ஒரே ஆண்டில், உலகின் இரு கோடிகளில், இரண்டு மகுடங்கள் சரிந்தன.

இன்னும் சற்றுப் பின்னோக்கிப் போனால், பிரித்தானியர் இந்தத் தீவுக்கு வந்ததற்கே ஒரு பிரெஞ்சுத் தளபதி காரணமாயிருந்தார் என்பது புலனாகும். 1795ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஜெனரல் பிஷெகுரு என்பவர் உறைந்த ஆறுகளின் மேலே படை நடத்திச் சென்று ஒல்லாந்தைப் பிடித்தார். ஒல்லாந்து பிரெஞ்சுக்காரர் வசமானால் ஒல்லாந்தரின் இலங்கையும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய பிரித்தானியர், முந்திக்கொண்டு திருகோணமலையில் இறங்கினர். 1796இல் கொழும்பு அவர்கள் வசமாயிற்று. ஐரோப்பாவில் உறைந்த ஆறொன்றைக் கடந்த படை, இங்கே களனி கங்கைக் கரையில் கொடியை மாற்றியது.

இனி நம் கதாநாயகருக்கு வருவோம். பெயர் எட்வர்ட் பார்ன்ஸ். பிறந்தது 1776. படையில் சேர்ந்தது 1792இல், ஏறக்குறைய 16 வயதில். ஸ்பெயின் நாட்டில் வெலிங்டன் நடத்திய போர்களிலே படைப்பிரிவு ஒன்றின் தலைவராக நின்று பெயர் பெற்றார். 1813ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி பிரனீஸ் மலைத்தொடரில் எச்சலார் என்னுமிடத்தில் நடந்த சண்டையைப் படைவரலாறு எழுதுவோர் விட்டுவைப்பதில்லை. மலையுச்சியில் சுமார் 6,000 பிரெஞ்சு வீரர். கீழேயிருந்து ஏறியவர்கள் பார்ன்சின் 1,500 பேர். துணைப்படை வரும்வரை காத்திராமல் மேலேறித் தாக்கினார். மேலிருந்தோர் கலைந்தோடினர். வெலிங்டனே வியந்து பாராட்டினார். மலைச்சரிவில் ஆட்களை மேலேற்றும் வித்தையை அவர் அங்குதான் கற்றார் போலும்.

அந்த மலையில் தோற்ற பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் ஜெனரல் பெர்த்ரான் குளோசெல். அவருடைய வாழ்வையும் சற்றுக் கேளுங்கள். 1772இல் பிறந்தவர். நெப்போலியன் மீண்டபோது அவர் பக்கம் சேர்ந்தார். வாட்டர்லூவுக்குப் பின் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் அமெரிக்காவுக்குத் தப்பிவிட்டார். சில ஆண்டுகளில் மன்னிப்புக் கிடைத்துத் தாய்நாடு திரும்பி, 1830இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைகளின் தலைவரானார். அடுத்த ஆண்டு மார்ஷல் பட்டம் கிடைத்தது. அல்ஜியர்ஸ் நகரத்தருகே மாதிரிப் பண்ணை ஒன்றைத் தொடங்குவித்தார். தாமும் நிலம் வாங்கினார். ஐரோப்பியக் குடியேற்றக்காரரைக் கொண்டு அந்த மண்ணில் பயிர் செய்யலாம் என்று கனவு கண்டார். 1836இல் கொன்ஸ்தந்தீன் நகரைப் பிடிக்கப் போய், குளிரிலும் மழையிலும் ஆட்களைப் பலிகொடுத்துத் திரும்பினார். பதவி போயிற்று. 1842இல் காலமானார்.

வென்றவரும் தோற்றவரும் கடைசியில் ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். போர் ஓய்ந்தபின் ஐரோப்பியத் தளபதிகளுக்கு வேலையில்லை. குடியேற்ற நாடுகள்தான் அவர்களுக்கு வேலை கொடுத்தன. ஒருவருக்கு அல்ஜீரியா வாய்த்தது. மற்றவருக்கு நம் மலைநாடு வாய்த்தது.

வாட்டர்லூவுக்கு இரு நாள் முன்னதாகக் காத்ர்பிரா என்னுமிடத்தில் நடந்த சண்டையில் பார்ன்ஸ் வெலிங்டனின் படைத் தலைமை அதிகாரிகளில் ஒருவர். கடிதமும் கட்டளையும் கவனிக்கவேண்டிய பதவி அது. அவரோ ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் முன்னே குதிரையில் பாய்ந்து, தாமே தாக்குதலை நடத்தினார். நெருப்பைத் தின்பவர் என்று அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. வாட்டர்லூவில் கடுங்காயமடைந்து பிழைத்தார். இத்தகைய மனிதர்தான் 1820இல் இலங்கையின் நிர்வாகத்தைத் தற்காலிகமாக ஏற்று, பின்பு 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக ஆண்டார்.

அவர் வந்தபோது 1817, 1818ஆம் ஆண்டுகளின் ஊவா வெல்லச எழுச்சி அடக்கப்பட்டு, தலைவன் கெப்பெட்டிப்பொல கொல்லப்பட்டுச் சிறிது காலமே ஆகியிருந்தது. மலைநாட்டைக் காடும் கணவாயும் காத்துவந்தன என்பதை ஒரு போர்வீரனின் கண் உடனே கண்டுகொண்டது. பாதை இருந்தால் பீரங்கி போகும். பீரங்கி போனால் கிளர்ச்சி எழாது. எனவே கொழும்பிலிருந்து கண்டிக்கு 72 மைல் நீளமான பெருந்தெரு திட்டமிடப்பட்டது. மலையைத் துளைத்து வழிசெய்பவனே இந்த நாட்டை வெல்வான் என்று கண்டி மக்களிடையே ஒரு நம்பிக்கை வழங்கியதாம். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து பாதை போட்டபோது அந்த நம்பிக்கையும் பலித்துவிட்டது.

அந்தப் பாதையின் பொறியியலாளர் கப்டன் டோசன். பணியின் போதே, 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவை உச்சியில் இன்றும் நிற்கின்றது. அதில் அவருடைய அறிவையும் திறமையையும் போற்றி எழுதியிருக்கிறார்கள். தோமஸ் ஸ்கின்னர் என்ற இளைஞரையும் பார்ன்ஸ்தான் தெருவேலையில் இறக்கினார். 15 வயதில் படையில் அதிகாரியானவர் ஸ்கின்னர். தெருப்போடும் கலையைப் பள்ளியில் கற்றவரல்லர். கண்டிக் கிராமத்தவர் 200 பேரை ஒப்படைத்து, போய்ப் பாதை போடு என்றார்கள். அரை நூற்றாண்டு பாதை போட்டார். 1867இல் அவர் ஓய்வுபெற்றபோது இந்தத் தீவின் தெருக்கள் சுமார் 3,000 மைல்கள்.

அந்த 200 பேர் யார்? அவர்கள் கூலிக்கு வந்தவர்களல்லர். இராசகாரியம் என்ற பழைய முறைப்படி, அரசனுக்குச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைப் புதிய அரசுக்குச் செய்ய வந்தவர்கள். வயலை விட்டு, வீட்டை விட்டு, மலையுடைக்க வந்த சிங்களக் குடியானவர்கள். அந்தக் காலத்து மன்னர்கள் கேட்டதைவிடப் பன்மடங்கு உழைப்பை இந்தத் தளபதி கேட்டார். 1829இல் விசாரணைக்கு வந்த கோல்புறூக் ஆணைக்குழு இம்முறையைக் கண்டித்தது. பார்ன்சுக்கு அது பிடிக்கவில்லை. 1832இல், அவர் போனபின்பே, இராசகாரியம் ஒழிந்தது. ஆகவே கண்டித் தெருவைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைக்கவேண்டிய பெயரற்றவர்கள் நம் அயற்கிராமத்துச் சிங்கள மக்களே. இதைச் சொல்லாமல் நம் கதையை மட்டும் சொல்வது நியாயமாகாது.

தெரு வந்தது. தெருவின் பின்னே பயிர் வந்தது. பேராதனைக்கருகே கன்னொறுவ என்றோர் இடம். 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை முற்றாக அழித்த களம் அது. அந்தக் களத்தருகே தேசாதிபதி பார்ன்ஸ் தமக்கென ஒரு கோப்பித் தோட்டம் போட்டார். கோப்பிக்கு ஏற்றுமதி வரியை நீக்கினார். கோப்பி நிலத்துக்கும் வரிவிலக்குக் கொடுத்தார். கோப்பித் தோட்டத்தில் வேலைசெய்வோருக்கு இராசகாரியத்திலிருந்து விடுதலையும் அளித்தார். வரியை நீக்கியவரும் தோட்டம் வைத்தவரும் ஒருவரே! தேசாதிபதி காட்டிய வழியில் அதிகாரிகளும் படைவீரர்களும் தோட்டத் துரைகளானார்கள். துரைத்தனம் என்ற சொல் அரசாட்சியையும் தோட்டத்தையும் ஒருசேரக் குறித்தது வெறும் சொல்விளையாட்டன்று.

இங்கும் ஒரு பிரெஞ்சுத் தொடர்பு இருக்கின்றது. உலகக் கோப்பியில் ஏறக்குறைய பாதியை ஒரு காலத்தில் விளைவித்தது பிரெஞ்சுக்காரரின் செந்தொமிங்கு, இன்றைய ஹெயிட்டி. 1791இல் அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடக்குவதற்கு நெப்போலியன் தம் தங்கையின் கணவரான ஜெனரல் லெக்ளேர்க்கை அனுப்பினார். 1802இல் அவர் அங்கேயே காய்ச்சலில் மாண்டார். அடிமைகள் வென்று தனி நாடு கண்டனர். பின்னர் பிரித்தானியரின் மேற்கிந்தியத் தீவுகளிலும் அடிமைமுறை ஒழிய, அங்கே கோப்பி குன்றியது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியா சமமான வரி விதித்தது. அதன்பின் நம் மலைகளில் காடு சரியத் தொடங்கிற்று. தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அடிமையை வாங்க முடியாது. சிங்களக் குடியானவன் தன் வயலை விட்டுத் தோட்டத்தில் நிலையாக நிற்க வரமாட்டான். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் வாட்டிய தமிழ்நாட்டுக் கிராமங்கள்மீது அவர்கள் பார்வை திரும்பியது.

1823ஆம் ஆண்டளவில் கம்பளைக்கருகே சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் திறக்க முனைந்தார். அந்த ஆண்டையே நம் வருகையின் தொடக்கமாகக் கொண்டுதான் 2023இல் இருநூறாண்டு நினைவு கூர்ந்தோம். 1820களின் பிற்பகுதியில் பார்ன்சும் பேர்டும் தங்கள் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து சுமார் 150 பேரை வரவழைத்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் அவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்! எச்சலார் மலையில் 6,000 பேரைத் துரத்திய தளபதியால் 150 தமிழரைத் தம் தோட்டத்தில் நிறுத்திவைக்க முடியவில்லை. நம் முன்னோரை வாய்மூடிய ஆடுமாடுகள் போல எழுதுகிறவர்கள் இந்த 150 பேரை நினைக்கவேண்டும். வேலை பிடிக்கவில்லை, நடந்துவிட்டார்கள். பின்னர் வந்தவர்களுக்கு அது இயலாமற் போனது. முற்பணக் கடனும் துண்டும் கங்காணியின் பேரேடும் அவர்கள் காலைக் கட்டிவிட்டன.

பார்ன்சின் மிச்ச வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1824இல் தீவு முழுவதற்கும் ஒரு குடிமதிப்பு எடுப்பித்தார். கல்கிசைக் கடலோரத்தில் மாளிகை கட்டினார். நுவரெலியாவின் குளிரைக் கண்டு, நோயுற்ற ஐரோப்பியப் படைவீரர் தங்கித் தேறும் இடமாக அதை ஆக்கினார். அங்கே தமக்கென ஒரு மனையும் அமைத்தார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அந்த மனையிலிருந்து வளர்ந்ததே. 1832இல் இந்தியாவின் பிரதம சேனாதிபதியானார். நாடு திரும்பிப் பாராளுமன்றத்துக்கு முயன்று முதலில் தோற்றார், 1837இல் வென்றார், 1838 மார்ச் 19இல் இலண்டனில் காலமானார். கொழும்புக் கோட்டையில், இன்றைய ஜனாதிபதி மாளிகையின் முன்னே அவருக்கு வெண்கலச் சிலை உண்டு. கொழும்பிலிருந்து போகும் தெருக்களின் மைற்கணக்கெல்லாம் அந்தச் சிலையடியிலிருந்துதான் தொடங்கும். நுவரெலியாவுக்கு இத்தனை மைல், ஹட்டனுக்கு இத்தனை மைல் என்று கல்லில் எழுதினார்களே, அந்தக் கணக்கின் பூச்சியம் எட்வர்ட் பார்ன்ஸ்.

தமிழாசிரியனுக்கு இங்கே பரணி நினைவு வருவது இயல்பு. ஆயிரம் யானையைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்று இலக்கணம் சொல்லும். கருணாகரத் தொண்டைமானைச் செயங்கொண்டார் பாடினார். அந்த இலக்கணத்தை அப்படியே கொண்டால் நுவரெலியாவில் புதைக்கப்பட்ட மேஜர் ரொஜர்சுக்கும் பரணி பாடவேண்டியிருக்கும். நம் காடுகளில் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக்கொன்றவர் அவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். தளபதிகளைப் பாடத் தமிழில் இலக்கணம் இருக்கின்றது. தலைமன்னாரில் இறங்கி, காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளைக்கு வந்தவர்களைப் பாட இலக்கணகாரர் எவரும் விதி வகுக்கவில்லை. அவர்கள் தாங்களே பாடிக்கொண்டார்கள். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கண்டிச்சீமையின் பெயர் இருக்கின்றது. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அந்த வழியில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. அவர்களுக்குக் கோபுரமுமில்லை, கல்லுமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தைப்பொங்கலுக்கு முதல்நாள் முன்னோருக்குப் படைக்கும்போது என் அப்பாயி ஓர் இலை கூடுதலாகப் போடுவார். சிறிய இலை. அதில் கொஞ்சம் சோறு, ஒரு துண்டு வெல்லம். "அது யாருக்கு அப்பாயி?" என்று ஒருமுறை கேட்டேன். "அது வழிப்பிள்ளைக்கிடா ராசா" என்றார். அப்பாயியின் பாட்டனார் குடும்பம் நடந்து வந்தபோது தம்புள்ளைப் பக்கம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. கூட்டம் நிற்காது. நின்றால் மற்றவர்களுக்கும் நோய் தொற்றும். மரத்தடியில் புதைத்துவிட்டு நடந்தார்களாம். "பேரு என்னா?" என்றேன். அப்பாயிக்குத் தெரியவில்லை. "எங்க அம்மாவுக்குத் தெரியும்" என்றார். அவருடைய அம்மாவோ எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆணா பெண்ணா என்பதுகூட எனக்குத் தெரியாது. அப்பாயி போனபின் அந்த இலையை என் தாயார் போட்டார். இப்போது என் மனைவி போடுகிறார்.

பார்ன்சின் பிறந்த ஆண்டு, படையில் சேர்ந்த ஆண்டு, காயம்பட்ட நாள், இறந்த திகதி எல்லாம் எனக்குத் தெரிகின்றது. குளோசெல் தோற்ற மலையின் பெயரும் தெரிகின்றது. என் இரத்தத்தில் வந்த குழந்தையின் பெயர் தெரியவில்லை. இதில் பார்ன்சைத் திட்டி என்ன பயன்? அவர் தம் பெயரைத் தாமே எழுதிவைத்தார், அவருடைய மக்கள் அதைக் காத்தார்கள். நாம் எழுதிவைக்கவில்லை. எழுத்தறிவில்லாமல் வைக்கப்பட்டிருந்தோம் என்பது உண்மை. 1948இல் குடியுரிமை பறிபோனது, 1964 ஒப்பந்தத்தால் குடும்பங்கள் கடலுக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பிரிந்தன, கதை தெரிந்த கிழவிகள் கப்பலேறிப் போனார்கள் என்பதும் உண்மை. ஆனால் இப்போது நமக்கு எழுத்துத் தெரியும். இனி மறந்தால் பழி நம்முடையது.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவனுக்கு விடை சொன்னேன். பிஷெகுருவிலிருந்து பார்ன்ஸ் வரை, கோப்பியிலிருந்து 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை வரை கரும்பலகையில் கோடு கோடாக எழுதிக் காட்டினேன். அதன்பின் ஒவ்வொருவரும் தங்கள் முன்னோரின் பெயர்களை, எட்டும் வரை, எழுதிவரும்படி சொன்னேன். பெரும்பாலோர் பாட்டன் பெயரோடு நின்றார்கள். கேள்வி கேட்ட அந்தப் பையன் மட்டும் ஐந்து தலைமுறை எழுதி வந்திருந்தான். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா ஒருவரைத் தேடிப்போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டானாம். கடைசிப் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயரும் இருந்தது. "இதுக்கு மேல அவங்களுக்கு ஞாபகம் இல்ல சேர்" என்றான்.

நேயர்களே, 2023ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த வழியே, பலர் கால்நடையாக வந்தார்கள். நானும் சிறிது தூரம் அவர்களோடு நடந்தேன். தம்புள்ளை தாண்டியபோது வழியோரத்து மரங்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த மரம் என்று யார் சொல்ல முடியும்?

உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் இருப்பார். இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவரருகே போய் உட்காருங்கள். ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களைக் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள். வழியில் விட்டுவந்தவர்களையும் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதி, திகதியிட்டு வையுங்கள்.